இரண்டாவது தடவை எடுக்கும்போது: மலையக வகுப்பறையில் மாணவர் காணொளி

தரம் பத்து மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து, தேயிலை எப்படித் தயாராகிறது என்று மூன்று நிமிடக் காணொளி ஒன்றை எடுத்தார்கள். அவர்களில் இருவரின் வீட்டார் ஸ்டோரில் வேலை செய்பவர்கள். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்தை வாட்டுவது, ரோலரில் போட்டு உருட்டுவது, பரப்பி வைப்பது, சூட்டில் காய வைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது என்ற வரிசை அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எடுத்ததை வகுப்பில் போட்டுப் பார்த்தோம். "பரப்பி வைத்த கொழுந்து நொதித்தலுக்கு உள்ளாகிறது" என்று பின்னணிக் குரல் சொன்னதும் கடைசி வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "மதுவம் எங்கே, டீச்சர்?"

நல்ல கேள்வி. பாடநூலில் நொதித்தல் என்றால் மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர் வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும் செயல். கள்ளிலும் பாண் மாவிலும் நடப்பது அது. ஸ்டோரிலும் அந்தக் கட்டத்துக்கு ஆங்கில வழக்கில் நொதித்தல் என்றே பெயர் ஒட்டியிருக்கிறது. ஆனால் அங்கே மதுவம் இல்லை. ரோலரில் கொழுந்தின் கலங்கள் நசுங்கி உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த பொலிபீனோல்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும் ஒரு நொதியமும் (என்சைம்) கலக்கின்றன. காற்றிலிருக்கும் ஒட்சிசன் சேர, பச்சை நிறம் செம்பழுப்பாகிறது. வெட்டி வைத்த அப்பிள் கறுப்பதும் இதே வழியில்தான். எனவே அது ஒட்சியேற்றம். பிறகு உலர்த்தும் சூட்டில் அந்த நொதியம் செயலிழக்கிறது; அதனால்தான் நிறம் மேலும் ஓடாமல் நிற்கிறது.

இதைக் கண்டுபிடித்து நான்கு வரியாகத் திருத்தி எழுத அந்தக் குழுவுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஸ்டோரில் வேலை செய்யும் மாமாவிடம் கேட்டார்கள், என்னிடம் கேட்டார்கள், நூலகத்தில் தேடினார்கள். பிறகு அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்தார்கள், அப்பிள் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து. முதல் தடவை எடுத்த காணொளியை விட இரண்டாவது அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் இடையில் கழிந்த அந்த இரண்டு நாளில் நடந்ததுதான் பாடம். மாணவர் காணொளியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்த இரண்டு நாளைச் சுற்றியே வருகிறது.

காணொளி வழியாகப் படிப்பது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்குப் புதிதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சிக்கும் வட்ஸ்அப்புக்கும் போயின. வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி, அதுவும் பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் கிடைத்தாலும் சிக்னல் தேடி லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு, பின்னால் மலை ஏற வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குக் காணொளி என்பது பார்க்கும் பொருளாகப் பழகிவிட்டது: எங்கோ ஒருவர் விளக்குவார், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்துவிட்டது போலத் தோன்றும். பரீட்சைத் தாளில் பேனாவை வைக்கும்போதுதான் புரியாதது தெரியவரும்.

விளக்கப் போனால்தான் தெரியாதது தெரியும்

இந்தப் "புரிந்தது போலத் தோன்றுவதை" உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2002இல் ரோசன்பிளிட், கீல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஸிப், தையல் இயந்திரம், பூட்டு போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மக்களைக் கேட்டார்கள். எல்லோரும் தாராளமாகவே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். பிறகு, படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றதும் தங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். அறியாமையைக் காட்டிக்கொடுத்தது வேறொருவர் இல்லை, விளக்க எடுத்த முயற்சிதான்.

இன்னோர் ஆய்வு நம் விடயத்துக்கு நேராகவே பொருந்துகிறது. கலிபோர்னியாவில் பியோரெல்லா, மேயர் என்ற இருவர் 2013இல் வெளியிட்டது. நகரும் வண்டியின் ஒலி நெருங்கும்போதும் விலகும்போதும் மாறிக் கேட்கும் டொப்ளர் விளைவை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் பரீட்சைக்கென்று படித்தார்கள். சிலர் பிறருக்குக் கற்பிக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு படித்தார்கள். சிலர் படித்ததோடு நிற்காமல், கமராவின் முன் நின்று கற்பித்தும் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, உண்மையில் கற்பித்துக் காட்டியவர்களிடமே புரிதல் அதிகமாகத் தங்கியிருந்தது. எதிரே மாணவர் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை, கமரா மட்டும்தான் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வாய்மொழியாக எழுந்து நின்று விளக்கினால் போதாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. போதும்தான், பல நாட்களில். ஆனால் வாயால் சொன்னது காற்றோடு போய்விடுகிறது. எங்கே தடுமாறினோம் என்று சொன்னவருக்கே நினைவிருக்காது. பதிவான குரல் அப்படிப் போவதில்லை. தான் சொன்னதைத் தானே கேட்கும் பிள்ளை, ஆசிரியர் வாய் திறக்கும் முன்பே "இல்லை, இது பிழை" என்கிறது. இன்னொன்று இதைவிடப் பெரியது. காணொளியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காட்சி வேண்டும். "இந்த வரிக்கு எதைக் காட்டப்போகிறீர்கள்?" என்பதுதான் நான் கேட்கும் ஒரே கேள்வி. "சூழற் காரணிகள் விளைச்சலில் தாக்கத்தை ஏற்படுத்துகின்றன" என்று எழுதிக்கொண்டு வரும் குழு, இந்தக் கேள்வியோடு நின்றுவிடும். எந்தக் காரணி? என்ன தாக்கம்? எந்த மலையில்? காட்ட வேண்டுமென்றால் பனி விழுந்து கருகிய கொழுந்தைத் தேடிப் போக வேண்டும். பெரிய சொற்களின் பின்னால் ஒளிந்திருக்கும் வெற்றிடத்தைக் காட்சி சகித்துக்கொள்வதில்லை.

இந்த எண்ணம் கைத்தொலைபேசியோடு பிறந்ததும் இல்லை. முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயப்பட்டு, நீண்ட நேரம் பேச முடியாமல் போன பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தன் பிரெனே, 1924இல் ஒரு சிறிய அச்சியந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுதி, எழுத்துக் கோத்து, அச்சிட்டு, மற்றப் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். ஈய எழுத்தைக் கையில் எடுத்துக் கோக்கும் பிள்ளை, எழுத்துப்பிழையை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

காட்சிப் பதிவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது 1967இல் கனடாவின் போகோ தீவில் நடந்தது. மீன்பிடிச் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடந்த தீவு அது. மக்களை அங்கிருந்து இடம் மாற்றிவிடும் பேச்சும் இருந்தது. கனடாவின் தேசிய திரைப்படச் சபையினர் ஒவ்வோர் ஊராரும் பேசியதைப் படமாக்கி, அதை மற்ற ஊராருக்குத் திரையிட்டார்கள். நம் குறைதான் அவர்கள் குறையும் என்று ஊர்கள் கண்டுகொண்டன. தீவினர் தங்களுக்கென மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். ஒரே தோட்டத்தின் மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்வதைப் பார்த்த எவருக்கும் போகோ தூரத்து ஊராகத் தோன்றாது.

வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

எங்கும் பயன்படும் ஒரு முறை மலையகத்தில் ஏன் கூடுதலாகப் பயன்படுகிறது? என் பதில்: இங்கே பிள்ளைக்குத் தெரிந்தவற்றுக்கும் பாடநூல் கேட்பவற்றுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் மற்ற இடங்களை விட ஆழமானது. அறிவு குறைவாக இருப்பதால் வந்த பள்ளம் இல்லை அது. தோட்டப் பாடசாலை என்பது நெடுங்காலம் தோட்டத்தை நடத்திய துரைமாரின் பொறுப்பில் கிடந்தது. ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு. இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது 1945இல். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையானதைத் தொடர்ந்துதான் இந்தப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இடையில் போன முப்பது ஆண்டு, ஒரு முழுத் தலைமுறை. எங்கள் பாடநூல்களின் தமிழை எழுதியவர்கள் எங்கள் லயங்களில் பேசப்படும் தமிழைக் கேட்டு எழுதவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்கும் வாய்ப்பே அவர்களுக்கு இருக்கவில்லை.

அதனால் நடப்பது இது. கவ்வாத்து வெட்டினால் ஏன் செடி பக்கவாட்டில் துளிர்க்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணால் பார்த்துத் தெரியும். நுனி மொட்டு பக்க மொட்டுகளை வளரவிடாமல் வைத்திருப்பதை "நுனியரும்பு ஆட்சி" என்று பாடநூல் சொல்லும்போது அது வேறு ஏதோ தூர தேசத்துச் சங்கதி என்று நினைத்து மனப்பாடம் செய்கிறது. கொழுந்து மடுவத்தில் நிறுவையின்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பதைப் பற்றி அம்மாவும் அத்தையும் இரவு முழுக்கப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கும் பிள்ளைக்கு, சதவீதக் கணக்கு கரும்பலகையில் அந்நியமாக நிற்கிறது. நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது என்பது ஒரு விகிதம். அம்மா ஒரு நாள் பறித்த கொழுந்து எத்தனை கிலோ தேயிலையானது என்பதை அந்த விகிதத்தைக் கொண்டு பிள்ளையே கணக்கிட்டுக் காட்டும் காணொளி, ஒரு பயிற்சி நூலின் பத்துக் கணக்குகளுக்குச் சமம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காணொளி எடுக்கப்போகும் பிள்ளை இரண்டு தமிழையும் ஒரே இடத்தில் வைக்கவேண்டி வருகிறது. காட்சியில் அம்மா "கொழுந்து வாடணும்" என்பார்; பின்னணிக் குரல் "இலையிலுள்ள நீர் ஆவியாகிறது" என்னும். வாட்டத்துக்கும் ஆவியாதலுக்கும் நடுவே ஒரு பாலம் போட வேண்டியது பிள்ளையின் வேலை. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேட்டி கொடுப்பவரின் பேச்சைத் திருத்தக் கூடாது. அவர் தம் தமிழிலேயே பேசட்டும். விளக்கக் குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். இரண்டும் அடுத்தடுத்து ஒலிக்கும்போது, எது உயர்ந்தது என்ற கேள்வி எழாமல், எது எங்கே உதவுகிறது என்ற தெளிவு தானாக வருகிறது.

வாட்டத்தைக் காட்டுவதற்கு ஒரு எளிய வழியும் இருக்கிறது. ஒரு சுளகில் கொழுந்தைப் பரப்பி, கைத்தொலைபேசியை மேலே அசையாமல் கட்டிவைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று 15 மணி நேரம் எடுத்தால் 180 படம் கிடைக்கும். ஒரு வினாடிக்கு 12 படம் என்ற வேகத்தில் ஓட்டினால் ஒரு முழு இரவு 15 வினாடியில் வாடி முடிகிறது. அந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட வேண்டும். போட்டார்கள்.

பாட்டியின் ஞாபகமும் ஆண்டுகளும்

விஞ்ஞானத்தை விட வரலாற்றில் இந்த முறை இன்னும் ஆழமாகப் போகிறது. மலையக மக்களின் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து வந்ததன் இருநூறு ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் நடந்த வழியில் மக்கள் நடந்தார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட கதையையும், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் ஒரு பிள்ளை பாடநூலில் தேடினால் சில வரிகள் கிடைக்கும். நாடற்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வது. பத்து ஆண்டு கழித்து, 1974இல், அவர்களையும் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்கள் சரி. இந்த எண்களுக்குள் தன் பாட்டியின் அக்கா இருக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியாது.

எனவே கேட்டு வரச் சொன்னோம். தரம் பதினொன்று மாணவிகள் மூவர், லயத்தின் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து ஒரு பாட்டியின் பேச்சை நாற்பது நிமிடம் பதிவு செய்தார்கள். அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனது எப்போது என்று கேட்டதற்கு அவர், "பண்டாரநாயக்கா காலத்தில்" என்றார். இங்கேதான் உண்மையான வேலை தொடங்கியது. எந்தப் பண்டாரநாயக்கா? எஸ். டபிள்யூ. ஆர். டி. ஆட்சியிலிருந்தது 1956 முதல் 1959 வரை. சிறிமாவோ 1960 முதல் 1965 வரையும், மறுபடி 1970 முதல் 1977 வரையும். மாணவிகள் திரும்பப் போய், "அது பஞ்சத்துக்கு முன்னா, பின்னா?" என்று கேட்டார்கள். "பஞ்சத்தில்தான், பாண் துண்டுக்கு வரிசையில் நின்ற நேரம்" என்றார். தோட்டங்களில் பட்டினி கொடுமையாக இருந்தது 1973, 1974 ஆண்டுகளில். பாட்டியின் ஞாபகத்துக்கு ஆண்டு கிடைத்தது. புத்தகத்தின் ஆண்டுக்கு ஓர் ஆள் கிடைத்தார்.

சான்று என்றால் என்ன, நினைவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்ப்பது எப்படி என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரு பாடவேளையில் முடிந்துவிடும், ஒரு வாரத்தில் மறந்தும் போகும். அந்த மூன்று மாணவிகளுக்கு அது மறக்காது. முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்ற அவசரமும் எனக்கு உண்டு. 1964ஐ விவரம் தெரிந்த வயதில் கண்டவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டுகிறது.

போத்தலில் அளந்த மழை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைநாடு மறுபடியும் சரிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு மண்சரிவு புவியியல் பாடத்தின் ஒரு அலகு மட்டும் இல்லை. இரவில் மழை வலுக்கும்போது விழித்திருப்பதற்கான காரணம் அது.

மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணி நேரத்தில் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐக் கடந்தால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐக் கடந்தால் வெளியேறிவிட வேண்டும் என்பது அதன் பொதுவான அளவுகோல். வானொலியில் இது வருகிறது. ஆனால் "150 மில்லிமீற்றர்" என்பது எவ்வளவு என்று லயத்தில் யாருக்குத் தெரியும்? ஒரு சாணைவிடக் குறைவான நீளம்தானே என்று ஒரு மாணவர் கேட்டார். அதுதான் அந்தக் குழுவின் காணொளிக்குத் தொடக்கம்.

நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனலாகச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டுச் சமமாகும் வரை நீர் ஊற்றி, அங்கிருந்து மில்லிமீற்றர் கோடு போட்டார்கள். பாடசாலை வாசலில் திறந்த வெளியில் வைத்துத் தினமும் காலை ஏழரைக்கு அளந்தார்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் தண்ணீர். தனி வீடு கட்டுவதற்கென்று தோட்டத்தில் பேசப்பட்ட 7 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 26,500 லீற்றர், அதாவது 26 தொன்னுக்கு மேல். ஒரு வீட்டுக் காணியில் மட்டும். அதற்கு மேலேயுள்ள மலை முழுவதிலும் எவ்வளவு என்று கணக்கிட்டபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. அந்த எண்ணைத் திரையில் காட்ட, கொழுந்து லொறி ஒன்றின் படத்தைப் போட்டு அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டார்கள். அது என் யோசனை இல்லை.

இந்தக் காணொளிதான் வகுப்புக்கு வெளியே பயன்பட்டது. பெற்றோர் கூட்டத்தில் காட்டினோம். போத்தல் அளவியை எப்படிச் செய்வது என்று கேட்டுச் சில வீடுகளில் வைத்தார்கள்.

ஒரே ஒரு கைத்தொலைபேசி

கருவிகளைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மாணவர் பாடசாலைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்பது பொது விதி, அது நல்ல விதியும்கூட. எனவே ஆசிரியரின் ஒரே தொலைபேசியில்தான் எல்லாம் நடக்கிறது. நாற்பது பேருக்கு ஒரு தொலைபேசி என்பதைக் குறையாகப் பார்த்தேன், முதல் ஆண்டில். இப்போது அப்படி நினைக்கவில்லை. தொலைபேசி கிடைக்கும் வரை குழு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் எழுதவும் வரையவும் ஒத்திகை பார்க்கவும் வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் சொல். இந்தக் கொப்பி இல்லாமல் யாருக்கும் தொலைபேசி கிடையாது.

ஒத்திகை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி மாதம் காமன் கூத்துக்குப் பழகும் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். ரதி, மதன் வேடம் போடுபவரை நிறுத்தி, "மறுபடி ஆடு" என்று மாஸ்டர் சொல்வதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர்கள். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இரவு முழுக்க ஆடும் இடத்தில், திரும்பச் செய்வது தோல்வி என்று யாரும் நினைப்பதில்லை. இந்தப் பழக்கத்தை வகுப்பறை இதுவரை பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஒலிதான் பெரிய சிக்கல். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் பேசியது எதுவும் கேட்காது. எனவே குரலைத் தனியாக, மழையில்லாத வேளையில், தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்கிறோம். ஒளி தன்னாலேயே கிடைக்கிறது. காலைப் பனிமூட்டத்தில் முகத்தில் நிழலே விழாது. உயர்தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடக் காணொளி 130 மெகாபைட் வரை போகும் என்பதால் தரத்தைக் குறைத்தே எடுக்கிறோம். டேட்டா செலவு வைக்கும் எந்த வேலையையும் பெற்றோர் தலையில் சுமத்தக் கூடாது.

ஒரு காணொளிக்கு நான்கைந்து பாடவேளைகள் போய்விடுகின்றன. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வகுப்பில் அது சிறிய விலை இல்லை. ஆகவே தவணைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம். காலத்தோடு மாறும் ஒன்று, காரணமும் விளைவும் உள்ள ஒன்று, கண்ணால் பார்க்கக் கூடிய ஒன்று ஆகியவற்றுக்குத்தான் இது ஏற்றது. வரைவிலக்கணங்களை மனதில் நிறுத்துவதற்கு இது வீண். 2007இல் வந்த பாடத்திட்டம் ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளை அப்போதே கேட்டது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குள்ளும் இதை அடக்க முடியும். புதிய சுற்றறிக்கை எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே பிழைக்கிறது என்றும் சொல்ல வேண்டும். போட்டிக்கு அனுப்புவதற்காக ஆசிரியரே எழுதி, ஆசிரியரே எடுத்து, பிள்ளையைப் பொம்மையாக நிறுத்திய காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பாடநூலைக் கமரா முன் வாசித்துவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் கற்றல் இல்லை. இன்னொரு பிழை எங்கள் வகுப்பிலேயே நடந்தது: தொலைபேசியைப் பையன்கள் எடுத்துக்கொள்ள, பெண் பிள்ளைகள் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது ஒவ்வொரு தடவையும் வேலை மாறுகிறது. தொலைபேசி சுற்றில் வருகிறது. புள்ளியும் காணொளியின் மினுமினுப்புக்கு இல்லை. கொப்பிக்குத்தான், முக்கியமாக முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் இடையே கொப்பியில் என்ன மாறியது என்பதற்கு. வீட்டில் நல்ல தொலைபேசியும் வெட்டி ஒட்டும் செயலியும் உள்ள பிள்ளைக்கு அதிகப் புள்ளி போனால் நாம் அளந்தது அப்பாவின் வருமானத்தைத்தான்.

முகங்கள் பற்றியது கடைசி விடயம், ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது. எங்கள் காணொளிகள் யூடியூபுக்கோ முகப்புத்தகத்துக்கோ போவதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் ஒரு சட்டம் நாட்டில் வந்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் பிள்ளையின் முகம் பிள்ளையுடையது. ஸ்டோருக்குள் எடுப்பதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், மலையில் வேலை செய்பவரை எடுப்பதற்கு அவருடைய அனுமதி வேண்டும். வேலையிடத்து மனக்குறை ஒன்றை அம்மா கமராவில் சொல்லி, அது வெளியே போனால் அதன் சுமை அம்மாவின் மேல்தான் விழும். பதிவான ஒவ்வொருவருக்கும் முதலில் காட்டிவிட்டே வகுப்பில் காட்டுகிறோம்.

அந்தப் பாட்டிக்கும் அப்படித்தான் கொண்டுபோய்க் காட்டினோம். இஸ்தோப்பில் உட்கார்ந்து, சின்னத் திரையை முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு, தம் குரலைத் தாமே முழுவதும் கேட்டார். முடிந்ததும் மாணவிகளைப் பார்த்து, அக்காவின் பேரைச் சொல்லாமலே பேசிவிட்டேனே என்றார். இன்னொரு தடவை எடுங்கள், அவள் பேரைச் சொல்ல வேண்டும் என்றார். மாணவி ஒருத்தி கொப்பியைத் திறந்து, வலப்பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் விட்டாள்.